முட்டுக்கட்டை

(குன்றக்குடி அருள்மிகு சண்முகநாதப் பெருமான் திருக்கோயில், பங்குனி உத்திரப் பெருவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று காலையில் சண்முகநாதப் பெருமான் திருத்தேரில் எழுந்தருளி வீதிவலம் வந்து நிலைசேர்ந்த காட்சியை நாம் அனைவரும் கண்டு தொழுதோம். வடம் பிடித்த கைகள் பல நூறு. அரோகரா முழக்கம் மயில்மலையின் உச்சிவரை எட்டியது. எல்லார் கண்களும் மேலே, பெருமானின் திருமுகத்தையே நோக்கியிருந்தன. எம் கண்கள் மட்டும் சிறிது நேரம் கீழே இறங்கின. தேர்ச்சக்கரத்தை ஒட்டி, குனிந்த முதுகோடு, கையில் மரக்கட்டையுடன் சிலர் நடந்து சென்றனர். அவர்கள் வடத்தைத் தொடவில்லை, முழக்கமும் செய்யவில்லை. சக்கரத்தையும், சக்கரத்தின் முன்னே வரும் கால்களையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்கள் முட்டுக்கட்டை போடுவோர்.

நாட்டு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் நல்ல காரியத்தைத் தடுப்பது என்று பொருள் கொள்கிறோம். தேர்வீதியில் அதன் பொருள் வேறு. அங்கே முட்டுக்கட்டைதான் உயிர்க்காப்பு. இழுக்கும் கைகள் எத்தனை நூறு இருந்தாலும், நிறுத்தும் கைகள் நான்கு இல்லையென்றால் அந்தத் தேரை வீதிக்குக் கொண்டுவருதல் தகாது.

இந்தக் கட்டையை மனத்தில் வைத்துக்கொண்டே இன்று மனுநீதி கண்ட சோழர் வரலாற்றைச் சிந்திக்க விரும்புகிறோம். அதற்குக் காரணம் உண்டு. சில நாள்களுக்கு முன் அன்பர் ஒருவர் எம்மிடம் ஒரு வினாவை வைத்தார். “சட்டத்தை மீறி ஒருவன் வண்டியில் ஓடுகிறான். காவலர் துரத்துகிறார். வழியில் ஓர் உயிர் போய்விடுகிறது. இந்தப் பழி யாருக்கு? ஓடியவனுக்கா, துரத்தியவருக்கா?” இவ்வினா சமயமேடைக்கு உரியதா என்று சிலர் கருதலாம். உயிர் போன இடத்தில் அறம் பேசாத சமயம் வேறு எந்த இடத்தில் பேசும்? அன்றியும், பெரியபுராணத்தின் வாயிலிலேயே, திருநகரச் சிறப்பில், சேக்கிழார் பெருமான் எடுத்துக்கொண்ட வழக்கு வீதியில் நிகழ்ந்த ஒரு வண்டி விபத்துத்தான்!

வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. திருவாரூர் வீதியில் அரசிளங்குமரன் தேரேறிச் செல்கிறான். சூழப் படை செல்கிறது. எங்கிருந்தோ துள்ளி வந்த இளங்கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு இறக்கிறது. தாய்ப்பசு அலறுகிறது. குமரன் பதறுகிறான், தந்தை அறியுமுன் அந்தணரிடம் சென்று கழுவாய் தேட எண்ணுகிறான். பசுவோ அரண்மனை வாயிலுக்குச் சென்று தன் கொம்பினால் ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. அதுவரை ஒலித்தறியாத மணி அன்று ஒலிக்கிறது.

அரசர் வெளியே வந்து, நடந்தது என்ன என்று கேட்கிறார். முதிய அமைச்சர் ஒருவர் விடை சொல்கிறார். அவர் விடையின் போக்கு கவனிக்கத்தக்கது. குமரன் வீதியில் தேர் செலுத்தினான். கன்று சக்கரத்தின் இடையே புகுந்து இறந்தது. இந்தப் போக்கில் அவர் சொல்கிறார். இது பொய்யன்று. சேக்கிழார் பெருமானே அவ்வாறுதான் பாடுகிறார். ஆனால் அது உண்மையின் ஒரு பாதி. கன்று புகுந்தது என்னும்போது குற்றம் கன்றின் கால்களுக்குப் போய்விடுகிறது. தேர் ஏறியது என்னும்போது தேரிலிருந்தவன் கைகளுக்கு வருகிறது. செய்தியைச் சொல்லும் வாக்கியத்திலேயே பழி இடம் மாறிவிடுகிறது! இன்றும் நாளிதழில் நாம் படிப்பதில்லையா? “தப்பியோட முயன்றபோது வண்டி கவிழ்ந்தது” என்கிறார்கள். வண்டி தானாகவே கவிழ்ந்ததுபோல!

மனுவேந்தர் அந்தப் பாதி உண்மையோடு அமைதி கொள்ளவில்லை. கழுவாய் உண்டு என்று அமைச்சர்கள் நூல்வழி காட்டியபோதும் அவர் இசையவில்லை. பிறன் ஒருவன் கொன்றால் தண்டிப்பேன், என் மகன் கொன்றால் சடங்கு செய்து விடுவேனோ என்று கேட்கிறார். அந்த இடத்தில் காவலன் என்பவன் யார் என்பதற்கு அவர் ஓர் இலக்கணம் சொல்கிறார். உயிர்களுக்கு வரும் அச்சம் ஐந்து. அவ்வைந்தையும் நீக்குபவனே காவலன் என்கிறார். அவை எவை? ஆள்பவனாகிய தன்னால் வருவது ஒன்று. தன் பணியாளரால் வருவது ஒன்று. பகைவரால், கள்வரால், பிற உயிர்களால் வருவன மூன்று.

இந்த வரிசையைக் கூர்ந்து நோக்குங்கள். கள்வர் நான்காம் இடத்தில் நிற்கின்றனர். பணியாளர் இரண்டாம் இடத்தில் நிற்கின்றனர். கள்வனுக்கு அஞ்சியவன் காவலனிடம் ஓடலாம். காவலனுக்கு அஞ்சியவன் எங்கே ஓடுவான்? அதனால்தான் அந்த அச்சம் முன்னே வைக்கப்பட்டது என்று யாம் கருதுகிறோம். எல்லாவற்றுக்கும் முன்னே, முதலிடத்தில், ஆள்பவன் தன்னையே நிறுத்திக்கொண்டான். வள்ளுவப் பெருந்தகையும் செங்கோன்மை, கொடுங்கோன்மை ஆகிய அதிகாரங்களை அடுத்து வெருவந்த செய்யாமை என்று ஒரு தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். குடிகள் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாமை ஆட்சியின் இலக்கணம். அது ஆட்சி போடும் பிச்சையன்று.

இனி நம் காலத்திற்கு வருவோம். 2018ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் நடந்த நிகழ்ச்சி உங்களுக்கு நினைவிருக்கும். மலைமேல் எறும்பீசர் எழுந்தருளியிருக்கும் பாடல்பெற்ற ஊர் அது. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கணவனும் மனைவியும் இருசக்கர வண்டியில் வந்தனர். கணவன் தலைக்கவசம் அணியவில்லை. சோதனையில் மறிக்கப்பட்ட வண்டி மேலே சென்றுவிட்டது. காவல் ஆய்வாளர் ஒருவர் தம் வண்டியில் துரத்திச் சென்று அவர்கள் வண்டியை உதைத்தார் என்பது குற்றச்சாட்டு. வண்டி சாய்ந்தது. பின்னே அமர்ந்திருந்த பெண் இறந்தாள். செய்தி பரவியதும் பல்லாயிரவர் திரண்டு தஞ்சைச் சாலையை மறித்தனர். கல்வீச்சும் நடந்தது, தடியடியும் நடந்தது. ஆய்வாளர் கைது செய்யப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். அப்பெண்ணின் குடும்பத்திற்கு அரசு 7 இலட்சம் ரூபாய் நிதி அறிவித்தது. வழக்கில் தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் பணி. யாம் இங்கே ஒரு தனிமனிதரைக் கூண்டிலேற்ற வரவில்லை. அந்த வீதியில் நின்ற அறத்தின் கேள்வியைத்தான் கேட்க வந்தோம்.

தலைக்கவசம் அணியாமைக்கு அன்று மோட்டார் வாகனச் சட்டத்தில் இருந்த தண்டம், முதன்முறையாயின் 100 ரூபாய். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 1000 ரூபாய் ஆக்கியது. நூறோ ஆயிரமோ ஆகட்டும். பணத்தால் தீர்ந்துவிடும் பிழை அது. அந்தப் பிழையை விரட்டிச் சென்ற வழியில் பணத்தால் மீட்க முடியாத ஒன்று போய்விட்டது. தலைக்கவசச் சட்டம் எதற்காக வந்தது? உயிரைக் காப்பதற்காக. உயிரைக் காக்க வந்த சட்டத்தின் பெயரால் உயிர் போகுமானால், சட்டம் தன் தாயையே முட்டிய கன்று ஆகிறது.

“ஓடியவன்மேல் குற்றமே இல்லையா?” என்று கேட்பீர்கள். உண்டு. நிற்கச் சொன்ன இடத்தில் நில்லாமை குற்றம். பின்னே ஓர் உயிரை வைத்துக்கொண்டு விரைவது பெருங்குற்றம். அதனை மறைத்தல் அறமாகாது. ஆனால் நாம் பழியை ஓர் அப்பம்போல நினைக்கிறோம். ஓடியவனுக்குப் பாதி கொடுத்துவிட்டால் துரத்தியவருக்குப் பாதிதான் மிஞ்சும் என்று கணக்கிடுகிறோம். பழி அப்படிப் பங்கு போடும் பண்டம் அன்று. ஒருவன் பங்கு கூடுவதால் மற்றவன் பங்கு குறைவதில்லை. ஓடியவன் தன் பழியை முழுமையாகச் சுமக்கிறான். துரத்தியவரும் தம் பழியை முழுமையாகச் சுமக்கிறார். அவரை அனுப்பியவர், ‘இன்று இத்தனை வழக்கு வேண்டும்’ என்று கணக்குக் கேட்பவர் எவரேனும் இருப்பாரானால், அவரும் தம்முடையதை முழுமையாகச் சுமக்கிறார்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஓடுகிறவன் அச்சத்தின் வசப்பட்டவன். அவன் கையில் வடம் இருக்கிறது, கட்டை இல்லை. துரத்துகிறவர் பயிற்சி பெற்றவர். அரசின் சீருடை அணிந்தவர். ‘போதும், போகட்டும்’ என்று எந்த நொடியிலும் நிற்க வல்லவர். முட்டுக்கட்டை அவர் கையில் இருக்கிறது. கட்டை யார் கையில் இருக்கிறதோ, அவரிடமே முதல் கேள்வி கேட்கப்படும். தேர் ஓடி ஒருவன் நசுங்கினால், வடம் பிடித்த பல நூறு பேரைவிட, கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவனைத்தானே ஊர் கேட்கும்!

பின்னிருக்கையில் இருந்தவரையும் எண்ணிப் பாருங்கள். அவர் ஓடவும் இல்லை, துரத்தவும் இல்லை. நிறுத்து என்று சொல்லியிருந்தாலும் காற்றில் அது கேட்டிராது. அவரே நம் காலத்துக் கன்று.

கடல் கடந்த நாடுகளிலும் இந்தக் கன்றுகள் உண்டு. அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா மாநிலத்துச் சாக்ரமெண்டோ வட்டாரத்தில், 1990ஆம் ஆண்டில், நிற்காது சென்ற ஒரு மோட்டார் சைக்கிளைக் காவல் வண்டி துரத்தியது. அந்தத் துரத்தல் நீடித்தது 75 விநாடி. நாம் ஒருமுறை பஞ்சாட்சரத்தை அமைதியாகச் சில உரு எண்ணி முடிக்கும் நேரம். அதற்குள் மோட்டார் சைக்கிள் சாய, பின்னே இருந்த 16 வயதுச் சிறுவன்மேல் காவல் வண்டி மோதி அவன் இறந்தான். வழக்கு அந்நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்றது. தீங்கு செய்யும் எண்ணத்தோடு துரத்தினாலன்றி, அரசியல் சட்டத்தின்படி அதிகாரியைப் பொறுப்பாக்க இயலாது என்று 1998இல் அந்த மன்றம் தீர்த்தது.

பிரெஞ்சு நாட்டில், பாரிசு மாநகரின் புறத்தே, 2005 அக்டோபர் 27ஆம் நாள், காவலருக்கு அஞ்சி மின்நிலையத்தில் ஒளிந்த சிறுவர் இருவர் மின்சாரம் தாக்கி இறந்தனர். நாடெங்கும் மூன்று வாரம் தீ எரிந்தது. பத்தாண்டு கழித்து, 2015இல், அவ்வழக்கில் நிறுத்தப்பட்ட காவலர் இருவரும் விடுவிக்கப்பட்டனர்.

நீதிமன்றங்கள் எண்ணத்தைத் தேடுகின்றன. அது தவறன்று. நம் நாட்டுச் சட்டமும் படிகளை வகுத்திருக்கிறது. கவனக்குறைவால் உயிர்ப்பலி நேர்ந்தால் ஒரு தண்டம். உயிர் போகக்கூடும் என்று அறிந்தே செய்தால் அதனினும் பெரிய தண்டம். 2024 சூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் முன்னதற்கு 5 ஆண்டு வரையிலும், பின்னதற்கு 10 ஆண்டு வரையிலும் சிறை உண்டு. ஆனால், சட்டம் ‘குற்றவாளி அல்லர்’ என்று விடுவதும், அறம் ‘நீ பொறுப்பாளி அல்லை’ என்று விடுவதும் ஒன்றல்ல. அரசிளங்குமரனிடம் தீய எண்ணம் சிறிதும் இல்லை. கன்றை அவன் காணவே இல்லை. இன்றைய மன்றத்தில் அவன் எளிதாக வெளியே வந்திருப்பான். இருந்தும் அவன் தந்தையார் ‘என் ஆட்சியில், என் வீதியில், என் தேரால்’ என்றே எண்ணினார். காணாத கன்றுக்கே இத்தனை பொறுப்பு என்றால், கண்ணெதிரே பின்னிருக்கையில் ஓர் உயிர் தெரியத் தெரியத் துரத்துவதற்கு எத்தனை பொறுப்பு!

அன்பர்களுள் சிலர் வேறொரு வழியில் ஆறுதல் தேடுவர். “எல்லாம் விதி. அவள் ஆயுள் அவ்வளவுதான்” என்பர். சைவ சித்தாந்தத்தின் பெயரால் இதைச் சொல்லும்போது எமக்கு நெஞ்சம் பதறுகிறது. சித்தாந்தம் வினையை மூன்றாக வகுத்தது எதற்காக? சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று நாம் படிப்பது எதற்காக? இறந்தவருக்கு அது பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். செய்தவருக்கு அது ஆகாமியம் அன்றோ! நுகர்ந்தவரின் கணக்கு ஒன்று தீர்ந்த அதே நொடியில், செய்தவரின் கணக்கில் புதிய வரவு ஒன்று எழுதப்படுகிறது. பிறருடைய விதியைச் சாட்சிக்கு அழைத்து நம் வினையிலிருந்து தப்ப முடியாது. விதி என்பது துன்புற்றவர் தம் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளத் தாமே எடுத்துக்கொள்ளும் துணி. துன்பம் செய்தவர் தம் கையைத் துடைத்துக்கொள்ள அதனைத் தொடுதல் ஆகாது.

“அப்படியாயின் குற்றவாளியைத் துரத்தவே கூடாதா? குழந்தையைக் கடத்திச் செல்பவனையும் விட்டுவிடுவதா?” என்று கேட்பது நியாயமே. விடக்கூடாது. விட்டால் ஓர் உயிர் போகும் என்ற இடத்தில் துரத்துவது கடமை. அங்கும் வழியிலுள்ள உயிர்களை எண்ணியே துரத்த வேண்டும். விட்டால் போவது ஆயிரம் ரூபாய்த் தண்டம், துரத்தினால் போகக்கூடியது ஓர் உயிர் என்ற இடத்தில் நிற்பதுதான் கடமை. ஆசுத்திரேலிய நாட்டுக் குயின்சுலாந்து மாநிலத்தில், போக்குவரத்துப் பிழை ஒன்றற்காகவே துரத்துதல் கூடாது என்று காவல்துறையே தனக்கு விதி செய்துகொண்டிருக்கிறது. வண்டிக்கு எண் இருக்கிறது. எண்ணுக்கு உரியவர் பெயரும் வீடும் அரசின் ஏட்டில் இருக்கின்றன. இன்று மாலை அகப்படாதவன் நாளைக் காலையில் தன் வீட்டுத் திண்ணையில் அகப்படுவான். அவனை அங்கே கண்டு தண்டம் வாங்கலாம். நிற்பது தோல்வியன்று. தேருக்குக் கட்டை போடுகிறவன் தேரோட்டத்திற்குப் பகைவனா?

இதுவரை பிறர் பழியைப் பேசினோம். இனி எம் பழியையும் சொல்லியாக வேண்டும். இல்லையேல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஊர்த் திருவிழாவில் சொற்பொழிவுக்காக வாடகை வண்டியில் சென்றுகொண்டிருந்தோம். நேரம் கடந்துவிட்டது. இருட்டும் வேளை. தொலைவில் வாகனச் சோதனை நடப்பது தெரிந்தது. வண்டியோட்டி வந்த பிள்ளை திகைத்து, “சாமி, லைசென்சை வீட்டிலே வச்சுட்டு வந்துட்டேனே” என்றான். “நில், நடப்பதைப் பார்ப்போம்” என்று யாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேடையில் காத்திருக்கும் கூட்டம் எம் நினைவில் வந்தது. “எப்படியாவது நேரத்துக்குப் போய்விடு தம்பி” என்றோம். அவன் விளக்கை அணைத்து, பக்கத்துக் கண்மாய்க்கரைப் பாதையில் வண்டியைத் திருப்பி விரைந்தான். புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து எதிரே வந்த ஓர் அம்மை, ஓசை கேட்டுக் கரைச்சரிவில் ஒதுங்கி விழுந்தாள். வண்டிக்கும் அவளுக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்திருக்குமா? இறங்கி அவளைத் தூக்கிவிட்டோம். “ஒண்ணுமில்லை சாமி, நீங்க போங்க” என்றாள், முழங்கையில் இரத்தத்தோடு.

அன்று எம்மைத் துரத்தி எவரும் வரவில்லை. வந்திருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் விரைந்திருப்பான். அந்த ஒரு முழமும் இருந்திராது. அன்று இரவு மேடையேறி யாம் பேசிய பொருள் எது தெரியுமா? மனுநீதி கண்ட சோழர் வரலாறு! மக்கள் கைதட்டினார்கள். எமக்கு அந்த ஒலி ஆராய்ச்சி மணியின் ஒலியாகவே கேட்டது.

ஆகவே, பெருமக்களே, அந்தத் தேரின் வடத்தில் நம் கையும் இருக்கிறது. சட்டம் பிறருக்கு, அவசரம் நமக்கு என்று வாழ்கிறோம். காவலர் நிறுத்தினால் தெரிந்தவர் பெயரைச் சொல்லித் தப்பப் பார்க்கிறோம். பிள்ளைக்கு வண்டி வாங்கிக் கொடுக்கிறோம். கவசம் வாங்கிக் கொடுக்க மறக்கிறோம். வெயிலிலும் புகையிலும் நாள் முழுவதும் நிற்கும் காவலரை மனிதராக எண்ணி ஒரு நல்ல சொல் சொல்வதில்லை. ஆண்டுதோறும் தைப்பூசத்திற்கு நகரத்தார் பெருமக்களின் காவடிகள் இம்மலையடியிலிருந்து பழனிக்கு நடந்து புறப்படுகின்றன. இருட்டில் சாலையோரம் நடக்கும் அந்த அடியார்களை மறித்துக் காப்பவரும் காவலரே. அவர்கள் நமக்குப் பகைவரல்லர். நம் உயிரைக் காக்க நாமே நிறுத்தி வைத்த கட்டை அவர்கள். அந்தக் கட்டை வடமாக மாறிவிடக் கூடாது என்பதே எம் வேண்டுகோள்.

வரலாற்றின் முடிவுக்கு வருவோம். மகன்மேல் தேரைச் செலுத்துமாறு அரசர் அமைச்சர் ஒருவரை ஏவினார். அவர் அதற்கு இசையாது தம் உயிரை விட்டார். பின்பு அரசர் தாமே தேரைச் செலுத்தினார். ஒரு கன்றின் சாவு மூன்று சாவுகளாயிற்று. வரலாறு அங்கே முடிந்திருக்குமானால், அது நீதியின் வரலாறாக இருந்திருக்குமேயன்றி அருளின் வரலாறாக இருந்திராது. தியாகேசப் பெருமான் விடைமேல் எழுந்தருளினார். கன்றும், அமைச்சரும், குமரனும் உயிர்பெற்று எழுந்தனர். உயிருக்கு உயிர் என்னும் கணக்கில் இறைவனுக்கு விருப்பம் இல்லை. தன் பொறுப்பை ஒருவன் மறைக்காமல் ஏற்றுக்கொண்டதிலேதான் அவனுக்கு விருப்பம்.

திருவாரூரில் இந்த வரலாற்றைக் கல்தேராக வடித்து வைத்திருக்கிறார்கள். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுவேந்தருக்குச் சிலை இருக்கிறது. மாவட்டங்களில் மக்கள் குறைகேட்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கல்லும் சிலையும் பெயரும் நன்று. ஆனால் அவை சொல்லும் செய்தி ஒன்று உண்டு. இறந்த கன்றை எழுப்ப இறைவனால் இயன்றது. எந்த அரசாலும் இயலாது. 7 இலட்சத்தாலும் இயலாது, 70 இலட்சத்தாலும் இயலாது. எழுப்ப இயலாதவர்கள் நாம். எனவே, நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டியவர்களும் நாமே.

இன்று வீட்டுக்குத் திரும்பும்போது காரைக்குடிச் சாலையிலோ திருப்பத்தூர்ச் சாலையிலோ எவரேனும் கைகாட்டி நிறுத்தினால், நில்லுங்கள். காவல் பணியிலிருக்கும் அன்பர்களும் இக்கூட்டத்தில் இருக்கின்றீர்கள். எவனேனும் நில்லாமல் ஓடினால், அவன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அவன் பின்னே அமர்ந்திருக்கும் உயிரை ஒருகணம் பார்த்து, நீங்கள் நில்லுங்கள். யார் முதலில் நிற்பது என்பதிலே போட்டி வேண்டாம். கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் முதலில் நிற்கட்டும்.

தேர் ஓடட்டும். எந்தக் கன்றும் அதன் கீழ் அகப்படாதிருக்கட்டும். சண்முகநாதப் பெருமான் திருவருள் வழிச்செல்வோர் அனைவருக்கும் துணை நிற்பதாக!

வாழ்க! வளர்க!